ரோமானிய வெள்ளிக்காசு: தேய்க்காதீர்கள், எடை போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'கரூர் அமராவதி ஆற்றில் எடுத்த ரோமானியக் காசு' என்று வாட்சாப்பில் படம் காட்டி, பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் கைமாற்றுகிற வியாபாரம் மலேசியாவில் எங்கள் தோட்டப் பட்டணத்துக்கும் வந்துவிட்டது. அமராவதி மணலில் ரோமானியக் காசு கிடைத்திருப்பது உண்மை. அதனால்தான் இந்தப் பேச்சு எடுபடுகிறது. நிஜமாகவே அங்கே எடுத்ததென்றால் அதை வாங்கவே கூடாது. நூறாண்டு கடந்த காசைத் தனியாள் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோக 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தரவில்லை.

தமிழகத்தில் அதிகம் கிடைத்தவை தெனாரியஸ் என்னும் ரோமானிய வெள்ளிக்காசில் இருவகை. பேரரசர் அகஸ்டஸ் காசின் பின்புறம் அவருடைய பேரன்கள் இருவர் கேடயமும் ஈட்டியுமாக நிற்பார்கள். அடுத்த பேரரசர் திபேரியஸ் காசில் ஒரு பெண் செங்கோலும் கிளையும் ஏந்தி உட்கார்ந்திருப்பாள். போலியும் இவற்றில்தான் அதிகம். அகலம் 18, 19 மில்லிமீட்டர். அதிகம் தேயாதது 3.6 முதல் 3.9 கிராம். கி.பி. 64இல் பேரரசன் நீரோ ஒரு ரோமானிய ராத்தல் வெள்ளிக்கு 84 காசு என்றிருந்ததை 96 ஆக்கினான். அதன் பிறகு வந்தவை 3.4 கிராமை ஒட்டியிருக்கும். ஐந்து கிராம் 'திபேரியஸ்' வந்தால் பேரம் பேசவே வேண்டாம்.

எடை சரியென்றால் தண்ணீர்ச் சோதனை. 0.01 கிராம் காட்டும் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். 3.70 கிராம் காசு 0.36 காட்டினால், 3.70ஐ 0.36ஆல் வகுத்து வரும் அடர்த்தி 10.3; சுத்த வெள்ளிக்கு 10.5. அதே எடைக் காசு 0.42 காட்டினால் 8.8, அதாவது உள்ளே செம்பு. காசில் காற்றுக்குமிழி ஒட்டினாலும் விடை இறங்கும். ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு மூன்று முறை பாருங்கள். 0.01 பிசகினால் விடை 0.3 நகர்ந்துவிடும்.

செம்பில் வெள்ளி பூசிய கள்ளக்காசை ரோமானியர் காலத்திலேயே அடித்தார்கள். அதைத் தேடி வாங்குவோரும் உண்டு, ஆனால் நல்ல காசின் விலைக்கு அல்ல. விளிம்பில் சுற்றிலும் ஒரு கோடு ஓடினால் அடிக்காமல் உருக்கி வார்ப்பு அச்சில் ஊற்றிய போலியோ என்று சந்தேகப்படுங்கள்.

வாங்கியதும் புளி, விபூதி, பற்பசை எதுவும் போட்டுத் தேய்க்காதீர்கள். கறுப்போடு எழுத்தின் கூர்மையும் போகும், விலையும் போகும். மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மையாகிவிடலாம்; சிமெண்டுத் தரையில் விழுந்தால் இரண்டாக உடைவதுண்டு.

நம் ஊர்ப் புழுக்கத்தில் மலிவான பிவிசி பிளாஸ்டிக் உறை பிசுபிசுத்துக் காசில் பச்சையாக ஒட்டும். அதை அசிட்டோனில் ஊறவைத்து எடுக்கலாம். மைலார் என்னும் பாலியெஸ்டர் உறையே நல்லது. டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள்; நீல மணிகள் இளஞ்சிவப்பானதும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
நாணயச் சேகரிப்பாளர்,
சுங்கை சிப்புட்