மாடிச் சாவி கேட்டு மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமா,

போன ஞாயிறு போனில் நீங்கள் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. "செல்போன் கடைக்காரர் மாடிய குடோனுக்குக் கேக்கறாருடா. மாசம் பொறந்தா வாடகை கைக்கு வந்துடும். உங்க பாட்ட வேற எங்கனா வச்சிக்குங்க." நியாயம்தான். ஞாயிறு சாயந்திரம் உங்கள் மாடியில் பாட்டுக் கூட்டம் நடத்த நாங்கள் தருவது கரண்டு பில்லுக்கே பத்தாது. ஆனால் அந்த "வேற எங்கனா" என்ற வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை. இதை எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்குக் கோபிக்காதீர்கள். வீட்டுக்கு வந்து பேசினால் அத்தை இலை போட்டுப் பேச்சையே மாற்றிவிடுவார்.

வேலூரில் வேறு எங்கே இருக்கிறது மாமா? திருவிழா மேடை விழாக் கமிட்டியுடையது. கட்சி மேடை கட்சியுடையது. கல்லூரி விழாவுக்கு ஐடி கார்டு இல்லாமல் கேட்டைத் தாண்ட முடியாது. கல்யாண மண்டபத்தில் பெண் வீட்டார் கேட்கிற பாட்டுதான். மைக்செட்டுக்கு யார் காசோ அவர் சொல்லுக்குத்தான் பாட்டு. காசு எதையெல்லாம் வாங்கும் என்று நம் ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2019 ஏப்ரலில் பணம் பிடிபட்டு நம் தொகுதித் தேர்தலே ரத்தாகி, ஆகஸ்ட் 5ஆம் தேதி மறுபடி வரிசையில் நின்றோமே. உங்கள் வெல்ல மண்டி மாடியில் மட்டும், வருகிற அறுபது பேர் ஆளுக்கு ஐம்பது ரூபாய் உண்டியலில் போடுகிறார்கள். கையில் இல்லாதவர் போடுவதில்லை, யாரும் கேட்பதுமில்லை. அதனால் பாடுகிறவர் யாருக்கும் கடன்பட்டவர் இல்லை.

அந்த மாடியை முதலில் பார்த்தபோது நானே நம்பவில்லை. கை தட்டினால் நாலு தரம் எதிரொலித்தது. கீழே கிடந்த காலிச் சாக்குகளைப் பிரித்துச் சுவரில் தொங்கவிடச் சொன்னது நீங்கள்தான். இரண்டு வரிசை சாக்கு மாட்டியதும் சத்தம் அடங்கியது. எறும்பு மட்டும் இன்றுவரை அடங்கவில்லை. கிடார் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துத் திறந்தால் உள்ளே ஊர்வலமே போகும்.

பறைக்காரத் தம்பிகள் வந்த அன்றைக்கு நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்கிறது. அதற்கு முந்தின மாதம் நண்பன் கல்யாணத்துக்கு இவர்களைத்தான் கூட்டிப் போயிருந்தேன். மண்டப மேனேஜர் வாசலிலேயே மறித்து, "அது சாவு மேளம் தம்பி, வெளிய அடிச்சிக்கட்டும்" என்றார். அடித்தார்கள், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில். அதே பிள்ளைகள் உங்கள் படிக்கட்டில் தயங்கி நின்று, "காய்ச்சணும், நெருப்பு வேணும், எங்க போறது?" என்று கேட்டார்கள். நீங்கள் பேசவே இல்லை. பழைய தினசரிக் கட்டைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினீர்கள். காகிதம் எரிய, தோலைத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, சத்தம் "தொப்"பிலிருந்து "டங்"குக்கு வரும்வரை கூடவே குந்தியிருந்தீர்கள். பிறகு அவர்கள் அடித்தது நடு அறையில்.

பெண்கள் வர ஆரம்பித்தது பாட்டால் இல்லை, தாழ்ப்பாளால். கழிவறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாளும் படிக்கட்டு வளைவில் ஒரு லைட்டும் போட்ட பிறகுதான் தையல் யூனிட் அக்காக்கள் வந்தார்கள். குடியாத்தம் கடைசி பஸ்ஸைக் கணக்குப் பண்ணி ஒன்பதரைக்கு முடிக்கிறோம். குடித்துவிட்டு வருகிறவர் யாரானாலும் படியோடு சரி. அதில் என் சொந்த சிநேகிதன் ஒருவனை இழந்தேன், வருத்தமில்லை.

உங்களுக்குக் கூத்துப் பைத்தியம். பழைய வடஆற்காட்டுப் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் ஆட்டத்தை விடிய விடியப் பார்த்த கதையை நூறு முறை சொல்லியிருக்கிறீர்கள். அதில் துரியோதனனையும் கிண்டல் பண்ணி, செலவு போட்ட நாட்டாண்மையையும் முகத்துக்கு நேரே கிண்டல் பண்ணுகிற கட்டியங்காரனுக்கு இந்த ஊரில் இப்போது வேலை கிடைக்குமா? உங்கள் மாடியில் கிடைத்தது. வார்டு கவுன்சிலர் உட்கார்ந்திருக்கும்போதே ஒரு பெண் குப்பை வண்டி வராத பாட்டைப் பாடினாள். அவர் நெளிந்தார், எழுந்து போகவில்லை. வாணியம்பாடிப் பையன் உருதுக் கஜல் சொல்ல, பறைத் தம்பிகள் ஒரு வார்த்தை புரியாமலே "வாஹ்" போட்டார்கள், பெரும்பாலும் தப்பான இடத்தில். பிடிக்காததையும் புரியாததையும் முடிகிற வரைக்கும் உட்கார்ந்து கேட்கிற பழக்கம், எனக்குத் தெரிந்து, நம் கவுன்சில் கூட்டத்தில்கூட இல்லை.

எங்கள் மேலும் தப்பு உண்டு. ஆடி மாசம் ஒரு நாள் டிரம்ஸ் பத்து மணியைத் தாண்டியது. பக்கத்து லாட்ஜில் தங்கியிருப்பவர்கள் யார்? கல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். இங்கிலாந்தில் 2018இலிருந்து கட்டட அனுமதிக் கொள்கையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: பாட்டு அரங்குக்குப் பக்கத்தில் பிறகு வந்து கட்டுகிறவர்தான் சத்தத்துக்குத் தடுப்பு போட வேண்டும் என்று. லாட்ஜ் நமக்குப் பின்னால் வந்ததுதான். ஆனாலும் ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவரிடம் போய்ச் சட்டம் பேசுவேனா? மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். ஒரு நோயாளியின் அண்ணன், என்னோடு மாடிக்கு வந்து, சாக்குச் சுவரைத் தடவிப் பார்த்தார். அடுத்த ஞாயிறு இரண்டு வங்காளப் பாட்டு பாடினார். மூன்று மாதமாக இந்த ஊரில் ரசீதும் மருந்துச் சீட்டும் தவிர வேறு எதற்கும் தான் வாய் திறக்கவில்லை என்றார்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து, பாட்டையெல்லாம் எழுதிக் கொடுக்கச் சொன்னதில் நீங்கள் பயந்துவிட்டீர்கள் என்று தெரியும். நாடகம் போட முன்கூட்டியே எழுத்தைக் காட்ட வேண்டும் என்றிருந்த 1954ஆம் வருடச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளையே 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. சத்தத்துக்கு விதி இருக்கிறது: 2000இல் வந்தது, இரவு பத்து முதல் காலை ஆறுவரை ஒலிபெருக்கி கூடாது. அதற்குக் கட்டுப்படுகிறோம். பாட்டின் வார்த்தைக்கு முன்அனுமதி கேட்டால் நான் வந்து பேசிக்கொள்கிறேன், உங்களை நிற்க வைக்க மாட்டேன். ஜெர்மனியில் 2021 மே மாதம் பாராளுமன்றமே கூடி, இசைக் கிளப்புகள் சூதாட்டக் கூடம் மாதிரி அல்ல, ஓபரா அரங்கு மாதிரி பண்பாட்டு இடங்கள் என்று தீர்மானம் போட்டது. நம் மாடிக்கு அவ்வளவு பெரிய பட்டம் வேண்டாம். சாவி போதும்.

நான் கேட்பது இதுதான். திங்கள் முதல் சனி வரை குடோனாக இருக்கட்டும், வாடகையை அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு சாயந்திரம் ஐந்திலிருந்து பத்து மட்டும் எங்களுக்கு. பெட்டிகளை நாங்களே ஒரு பக்கம் ஒதுக்கி, நாங்களே திரும்ப அடுக்குகிறோம். செல்போன் கடைக்காரரிடம் பேசிவிட்டேன். அவர் தங்கை வீணை வாசிப்பாராம், வீட்டுக்கு வெளியே வாசித்ததே இல்லையாம். கடைக்காரர் யோசிக்கிறார்.

சாவியை எதிர் டீக்கடையில் கொடுத்து வையுங்கள். பழைய தினசரி ஒரு கட்டு நான் கொண்டு வருகிறேன்.

உங்கள் மருமகன்