இல்லாத கண்டக்டரும் வாசிக்காத பியானோவும்

அன்புள்ள முருகேசா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை மறக்காமல் போட்டுக்கொள். பகலெல்லாம் பியானோ இசையாகக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பதாக எழுதியிருந்தாய். அப்படியானால் ஜாய்ஸ் ஹாட்டோவின் கதையை நீ தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

இங்கிலாந்துக்காரர், பியானோ கலைஞர். 1970களிலேயே மேடைக் கச்சேரியை விட்டுவிட்டவர். புற்றுநோய் வேறு. ஆனால் கடைசிக் காலத்தில் அவர் பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட சிடிக்கள் வந்தன. கணவர் வில்லியம் பாரிங்டன்-கூப்பின் சொந்தக் கம்பெனி வெளியீடு. நோயோடு போராடிக்கொண்டே இவ்வளவு வாசித்தாரா என்று விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். 2006இல் அவர் காலமானார்.

2007 பிப்ரவரியில் குட்டு உடைந்தது. ஃபிரான்ஸ் லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் இசையை ஹாட்டோ வாசித்ததாக வந்த சிடியை ஒரு ரசிகர் கம்ப்யூட்டரில் போட்டிருக்கிறார். பாட்டுக் கேட்கிற ஐடியூன்ஸ் மென்பொருளில் வந்த பெயரோ லாஸ்லோ ஷிமோன் என்ற வேறொரு பியானோ கலைஞர்! ஒவ்வொரு டிராக்கும் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதை வைத்து இன்ன சிடி என்று கண்டுபிடிக்கிற ஏற்பாடு அது. 'கிராமபோன்' என்ற இசைப் பத்திரிகை அதை ஒலிப்பொறியாளரிடம் கொடுத்துப் பார்த்தது. ஒலியின் அலைவடிவம் ஷிமோனின் பதிவோடு அப்படியே பொருந்தியது. தோண்டத் தோண்ட ஒவ்வொரு சிடியாக மாட்டியது. சிலவற்றில் வேகத்தைக் கூட்டிக் குறைத்து மறைத்திருந்தார்கள்.

என்னால் தாங்க முடியாதது ரெனே கோலர் விஷயம். ரஷ்ய இசையமைப்பாளர் ராக்மனினாஃப் பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதிய கான்செர்ட்டோக்களின் சிடியில் கண்டக்டர், அதாவது இசைக்குழுவை நடத்தியவர், என்று போட்டிருந்த பெயர் அது. நாஜிகளிடம் வதைபட்டு, சோவியத் முகாமிலும் கிடந்தவர் என்று உருக்கமான வரலாறு வேறு. அப்படி ஒரு மனிதரே கிடையாது. உண்மையில் வாசித்தவர் யெஃபிம் பிரான்ஃப்மன், நடத்தியவர் எசா-பெக்கா சலோனென். முகாம்களில் நிஜமாகவே செத்தவர்களின் துயரத்தை எடுத்து சிடி உறைக்கு அலங்காரம் செய்திருக்கிறார்கள், முருகேசா.

பதிவின் நடுவே மனைவி வலியில் முனகுவார், அந்த இடங்களை மறைக்கத்தான் பிறர் வாசிப்பை ஒட்ட ஆரம்பித்தேன் என்று கணவர் பின்னால் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அவர் மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனாலும் ஷிமோனை நினைத்துப் பார். அதே வாசிப்பு அவர் பெயரில் பல வருஷம் கடையில் கிடந்தபோது இந்தக் கொண்டாட்டம் எங்கே போயிருந்தது?

ஹாட்டோ நிஜமாகவே வாசித்த பதிவும் உண்டு. ஆங்கில இசையமைப்பாளர் ஆர்னால்ட் பாக்ஸின் 'சிம்பானிக் வேரியேஷன்ஸ்', 1970இல் பதிவானது. அதையும் ஷிமோனின் லிஸ்ட்டையும் தம்பி மகனிடம் கொடுத்தனுப்புகிறேன். முதலில் ஷிமோனைக் கேள். கேட்டுவிட்டு விரிவாக எழுது.

அன்புடன்,
சுந்தரம்