கோணேசர் கோயில் அத்தியாயம் பற்றி

ரொறன்ரோ

அன்பின் தங்கச்சி,

நலம். அம்மா, அப்பாவின் சுகத்துக்கு எழுது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. ஐந்து மணிக்கே இருட்டு, கம்பஸ் பிள்ளைகள் பின்னேரம் முழுக்க லைப்ரரியில்தான்.

திருகோணமலைக் கோணேசர் கோயிலைப் பற்றி நீ எழுதி அனுப்பின அத்தியாயத்தை வாசித்தேன். தேடி எடுத்தவை எல்லாம் நல்ல மூலங்கள். ஆனால் முதல் பந்தியில் சம்பந்தர் தேவாரம், அடுத்ததில் கோணேசர் கல்வெட்டு, பிறகு போர்த்துக்கேயரான குவேறோஸ் பாதிரியார், கடைசியில் கடலுக்கடியில் கண்ட தூண்கள் என்று நூல் நூலாகச் சொல்லிக்கொண்டு போகிறாய். இங்கே முதலாம் வருடத்திலேயே நிறுத்தச் சொல்லுகிற பழக்கம் இது. பந்தி நூலுக்கு இல்லை, கேள்விக்கு.

ஒரு பெரிய தாளைக் குறுக்காக வைத்துக் கட்டம் போடு. இடப்பக்கம் கேள்விகள்: கோயில் எந்தக் காலத்திலிருந்து இருந்தது, எவ்வளவு பெரியது, யார் எப்போது இடித்தது, கற்கள் எங்கே போயின. மேலே மூலங்களின் பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் உன் சொல்லில் இரண்டு வரி, பக்கம் எத்தனை என்பதும். நூலின் வசனத்தை அப்படியே எடுத்தால் அந்த நேரமே மேற்கோள் குறி போட்டுவிடு. ஒரு கிழமை போனால் எது உன் வசனம், எது நூலின் வசனம் என்று உனக்கே பிடிபடாது. பிள்ளைகள் களவு எடுக்க நினைக்காமலே மாட்டுப்படுவது இதில்தான். வெறும் கட்டத்தை வெறுமையாகவே விடு. அந்த மூலம் அதைப் பற்றிப் பேசவில்லை என்பதும் ஒரு தகவல்தான். எழுதும்போது நூல்களை மூடிவைத்து, தாளை இடமிருந்து வலமாக வாசித்து, ஒரு வரிசைக்கு ஒரு பந்தியாக எழுது.

அதற்கு முன் ஒவ்வொரு மூலமும் எதை அறிந்திருக்க முடியும் என்று கேள். 7ஆம் நூற்றாண்டுத் தேவாரம் கோணமாமலையில் சிவன் கோயில் இருந்ததற்குச் சாட்சி. மண்டபம் எத்தனை என்பதற்கு இல்லை. கோணேசர் கல்வெட்டு கல்லில் வெட்டியது அல்ல, ஒரு நூல். கோயில் வழமைகளுக்கும் தொழும்புகளுக்கும், அதாவது கோயில் பணிகளுக்கும், அது பொன் போன்றது. கோயில் திருப்பணி செய்ததாக மரபு சொல்லும் அரசன் குளக்கோட்டன் வாழ்ந்த ஆண்டை அதைக் கொண்டு நிறுவ ஏலாது. குவேறோஸ் எழுதியது போர்த்துக்கேயர் கோயிலை இடித்து அறுபது வருடத்துக்கு மேல் சென்ற பிறகு, கோவாவில் இருந்து. 1956இல் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் கோயில் நிற்கிற சுவாமிமலைக் குன்றுக்குக் கீழே கடலில் சுழியோடிக் கண்ட தூண்கள், கற்கள் கடலில் விழுந்ததைக் காட்டும். தள்ளிவிட்ட ஆள் யாரென்று காட்டாது.

இன்னொன்று, இதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. குவேறோஸை எடுத்து எழுதிய பத்து நூல்களை நீ வரிசையாகப் போட்டாலும் சாட்சி ஒன்றுதான். எல்லோரும் சொல்லுகிறார்கள் என்று எழுத முதல், அந்த நூல்களின் அடிக்குறிப்பைப் பார். ஒரே கிணற்றில் அள்ளினவர்கள் என்றால் கிணற்றுக்கே போ. 1930இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது. அது கைக்கு எட்டாவிட்டால், இன்ன நூலில் எடுத்தாளப்பட்டபடி என்று வெளிப்படையாகப் போடு. வாசிக்காததை வாசித்ததாகக் காட்டாதே.

மூலங்கள் முரண்படுகிற இடத்தில் நடுவழி பிடிக்காதே. இடித்த ஆண்டு சிலதில் 1622, வேறு சிலதில் 1624. 'ஏறக்குறைய 1623' என்று எழுதினால் அது இந்த இரண்டு பக்கமும் சொல்லாத ஒன்று. இரண்டையும் வைத்து, ஒவ்வொன்றும் எங்கே தொடங்கியது என்று பின்னோக்கிப் பிடி. கோயில் கற்களில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டின காலத்தோடும் ஒப்பிட்டுப் பார். பிறகு ஒன்றை எடு, எடுத்த காரணத்தைச் சொல்லு.

பந்தியின் முதல் வசனம் உன்னுடையதாக இருக்கவேண்டும். இப்படி: 'கோயில் இடிக்கப்பட்டது என்பதில் போர்த்துக்கேயப் பதிவும் தமிழ் மரபும் உடன்படுகின்றன, எப்படி இருந்தது என்பதில் இரண்டும் வேறு வேறு விடயங்களையே கவனிக்கின்றன.' மூலங்கள் அதற்குப் பின்னால் வரட்டும். 'உடன்படுகிறார்', 'மறுக்கிறார்', 'இதைச் சொல்லாமல் விடுகிறார்' என்று எழுது. எல்லாருக்கும் 'கூறுகிறார்' போட்டால் உறவு விளங்காது.

உங்கள் கம்பஸ் மூலங்களைக் குறிக்க ஏபிஏ (APA) முறை கேட்டால்: ஒரு அடைப்புக்குள் பல மூலம் வந்தால் பெயர் அகரவரிசையில், நடுவில் அரைப்புள்ளி. மூன்று பேருக்கு மேல் அல்லது மூன்று பேர் எழுதினதென்றால் முதல் பெயரும் 'மற்றும் பிறர்' என்பதும் போதும். நாற்பது சொல்லும் அதற்கு மேலும் உள்ள மேற்கோள் தனிப் பந்தியாக உள்ளே தள்ளி வரும், மேற்கோள் குறி வேண்டாம். மற்ற நூல்களோடு ஒத்துப்போகிற வசனங்களைக் காட்டும் டேர்னிட்டின் (Turnitin) மென்பொருளின் வீதத்தைக் கண்டு பயப்படாதே. மேற்கோளும் உசாத்துணைப் பட்டியலும்கூட அதில் சேரலாம். எந்த வசனம் நிறம் மாறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்.

கட்டம் போட்டு முடிந்ததும் வடிவாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. இடித்த ஆண்டு வரிசையை முதலில் பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணா