எங்கள் பீலிக்கு ‘வாட்டர் பாயின்ட்’ என்று பெயர் வைத்தவர்களுக்கு

ஹட்டன் பக்கத்துக் காசல்ரீ ஏரியைச் சுற்றி ஓடுகிற, ஓடுவதற்கு ஆட்களைக் கூட்டி வருகிற நண்பர்களுக்கு வணக்கம்.

நீங்கள் போட்ட ஓட்டப் பாதை வரைபடம் வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கும் வந்து சேர்ந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பு துரை பங்களாவாக இருந்து இப்போது ஹோட்டலாகிவிட்டவை எல்லாம் பெயரோடு இருக்கின்றன, டிக்கோயாவுக்கு அந்தப் பக்கம் 1878இல் கட்டிய வார்லி தேவாலயம் இருக்கிறது, எந்த வளைவில் நின்றால் படம் நன்றாக விழும் என்று கெமரா அடையாளம்கூடப் போட்டிருக்கிறீர்கள். தோட்டத்தின் ஒரு பிரிவான எங்கள் டிவிஷன் இருக்கிற இடத்தில் ‘மறைந்திருக்கும் கிராமம்’ என்று எழுதி, லயத்துக்கு மேலே இருக்கிற, நாங்கள் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கு ‘வாட்டர் பாயின்ட்’ என்று பெயரும் வைத்துவிட்டீர்கள். எங்கள் வீடுகளுக்குச் சொந்தமாகத் தபால் முகவரி கிடையாது, கடிதம் வந்தால் தோட்டத்து ஒபிஸில் கிடக்கும், யாராவது கொண்டுவந்து கொடுத்தால் உண்டு. வீட்டுக்குக் கிடைக்காத முகவரி பீலிக்குக் கிடைத்துவிட்டதே என்று சித்தி சிரித்தார்.

கோபத்தில் எழுதுவதாக நினைக்க வேண்டாம். கொஞ்சம் கோபம் இருக்கிறது, அது கிடக்கட்டும். நானும் ஓடுகிறவன்தான். பள்ளிக்கூடத்துக்குத் தினமும் குறுக்குப் பாதையில் ஓடிப் பழகி, பிறகு போட்டிக்கு ஓடி, இப்போது பிள்ளைகளுக்கு ஓடச் சொல்லிக் கொடுக்கிறேன். நீங்கள் வருவது எனக்குச் சந்தோஷம். ஆனால் இந்த வரைபடத்தை நம்பி ஓடினால் உங்களுக்கும் ஆகாது, எங்களுக்கும் ஆகாது.

முதலில் இந்த ஏரி. கண்டி ஏரி மாதிரி மூன்று கிலோமீற்றர் சொச்சத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும் என்று நினைத்து வருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நுவரெலியா கிரகரி வாவியில் ஓடிப் பழகியவர்களும் அப்படித்தான். காசல்ரீ ஏரிக்கு அப்படி ஒரு கரை இல்லை. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் கட்டிய அணை இது, தண்ணீர் பள்ளத்தாக்குகளுக்குள் ஏறி விரலை விரித்த கை மாதிரி நிற்கிறது. எதிரே கூப்பிடு தூரத்தில் தெரிகிற லயத்துக்குப் போக ஒரு விரலை முழுதாகச் சுற்ற வேண்டும், ஏறி இறங்கி ஏற வேண்டும். மூச்சு வாங்கினால் ஏரி 1,100 மீற்றர் அளவு உயரத்தில் இருப்பதால் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறீர்கள், அந்த உயரம் ஒன்றும் செய்யாது, ஏற்றம்தான் ஆளைக் கொல்லும். வரட்சியில் தண்ணீர் இறங்கினால் கரை காய்ந்து வெடித்துப் பாதை போலத் தெரியும். அதில் ஓடலாம் என்று உங்கள் வரைபடத்தில் புள்ளிக்கோடு போட்டிருக்கிறீர்களே, தயவுசெய்து அழித்துவிடுங்கள், மேலே ஓடு கட்டியிருக்கும், உள்ளே முழங்கால் வரைக்கும் சேறு. அணைக்கட்டின் மேலால் ஓடுவதாகவும் கோடு இருக்கிறது. அது மின்சார சபையின் இடம், அனுமதி கேட்காமல் காவல்காரரோடு மல்லுக்கு நிற்காதீர்கள், அந்த மனிதர் பாவம்.

டிக்கோயாவிலிருந்து நோர்வூட் வரைக்கும் ஏரியோரமாகப் போகிறது காப்பட் ரோடு. பார்க்க அருமையான ரோடு, ஓடுவதற்கு மோசமான ரோடு. டிசம்பர் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரைக்கும் சிவனொளிபாத மலைக்குப் போகிற கூட்டம் இந்த வழியாகத்தான் மஸ்கெலியா பக்கம் போகிறது. நீங்கள் ஓடத் தேர்ந்தெடுக்கிற ஞாயிற்றுக்கிழமை காலையில்தான், சனி இரவெல்லாம் மலையேறிச் சூரியோதயம் பார்த்துவிட்டுத் தூங்காத டிரைவர்களோடு வேன்கள் திரும்பி வரும். அந்த வளைவுகளில் காதில் பாட்டைச் செருகிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. ஏதாவது நடந்தால் டிக்கோயா ஆஸ்பத்திரி பக்கம்தான் என்றாலும் நடக்காமல் இருப்பதுதானே நல்லது.

மறுகரையில் பெரும்பாலும் தோட்டத்து ரோடு. வாகனம் குறைவு, கொழுந்து லொறி மட்டும் வரும், அதற்கு ஒதுங்கி நிற்க வேண்டும். ஓட நல்ல பாதை என்றால் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த ரோடு எங்கள் வாசல். ரோட்டுக்கும் நாங்கள் குடியிருக்கிற காம்பரா அறைக்கும் நடுவே ஒரு திண்ணைதான் இருக்கும், சில இடத்தில் அதுவும் இல்லை. அங்கேதான் துணி காயும், பிள்ளை குளிக்கும், கிழவி வெயில் காய்வாள். போன வருடம் ஒரு குழு அறுபது எழுபது பேராக வந்தது. விடிய ஐந்தரைக்கு ஸ்பீக்கரில் பாட்டு. அம்பு அடையாளத்தை எங்கள் மாரியம்மன் கோயில் படியில் ஸ்ப்ரே பெயின்டால் அடித்திருந்தார்கள், அது இன்னும் போகவில்லை. பீலியில் சேற்றுச் சப்பாத்தைக் கழுவினார்கள். நீங்கள் வாட்டர் பாயின்ட் என்று எழுதியிருக்கிற இடம் அது. நாங்கள் குடத்தில் பிடித்துக் குடிக்கிற தண்ணீர் அது, மேலே ஊற்றிலிருந்து குழாய் போட்டு இறக்கியது. அன்றைக்கு யாரும் சண்டை பிடிக்கவில்லை, வந்தவர்கள் நாலு காசுள்ள ஆட்கள் மாதிரி இருந்தார்கள், தோட்டத்தில் அப்படிப்பட்டவர்களிடம் குரல் உயர்த்திப் பழக்கமில்லாத தலைமுறை இன்னும் இருக்கிறது. குடங்களைத் தள்ளி வைத்துக்கொண்டு நின்றார்கள் பெண்கள்.

கொழுந்தெடுக்கிற மலைக்குள் இறங்கிப் படம் எடுப்பதையும் சொல்ல வேண்டும். இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு செடி வரிசையில் நிற்கிறவர்களை ஒரு நிமிடம் சிரிக்கச் சொல்கிறீர்கள். ஒரு நிமிடம் எப்போதும் பத்து நிமிடமாகிறது, நிறுவையில் கிலோ குறைந்தால் அந்தப் பத்து நிமிடத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்புறம் குளவி. மரத்திலும் கற்பாறையிலும் கூடு இருக்கும், தேயிலைச் செடிக்குள்ளேயே இருக்கும். ட்ரோன் விடுகிற தம்பிமாருக்குச் சொல்கிறேன், கூடு கலைந்தால் நீங்கள் வேகமாக ஓடக்கூடியவர்கள், தப்பிவிடுவீர்கள், கொழுந்துச் சுமையோடு சரிவில் நிற்கிற அறுபது வயது அம்மாவால் ஓட முடியாது. குளவி கொட்டிச் செத்தவர்கள் எங்கள் மலைநாட்டில் எத்தனை பேர் என்று எந்தத் தோட்டத்தில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சிறுத்தையும் இருக்கிறது, அது உங்களைக் கண்டால் ஒதுங்கிவிடும், லயத்து நாய்தான் ஒதுங்காது.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். பாதையைப் போடுவதற்கு முன்னால் ஒருதரம் நடந்து பாருங்கள், எங்கள் ஆள் ஒருவரோடு. ஒவ்வொரு டிவிஷனுக்கும் தலைவர் இருக்கிறார், அவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், யாரும் மறிக்க மாட்டார்கள், தேத்தண்ணி ஊற்றித் தருவார்கள். தோட்டத்து ஒபிஸில் அனுமதி வாங்கிவிட்டோம் என்று மட்டும் சொல்லாதீர்கள், ரோடு அவர்களுடையது, வாசல் எங்களுடையது. நோட்டன் பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலும் இதையே செய்யுங்கள். நோர்வூட் டவுன் கடைக்காரர்களிடமும் சொல்லி வையுங்கள், தண்ணீரும் வாழைப்பழமும் அங்கேயே வாங்குங்கள், கொழும்பிலிருந்து பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து காலிப் போத்தலை எங்கள் வடிகானில் விட்டுப் போக வேண்டியதில்லை. அம்பு அடையாளத்துக்குச் சுண்ணாம்புத் தூள் போதும், ஒரு மழையில் போய்விடும், இங்கே மழைக்கா பஞ்சம்? வரைபடத்தில் ‘மறைந்திருக்கும் கிராமம்’ என்பதை எடுத்துவிட்டுப் பெயரைப் போடுங்கள். தோட்டத்துக்குப் பதிவில் ஒரு இங்கிலீஷ் பெயர் இருக்கும், எங்கள் வாயில் வேறொரு பெயர் இருக்கும், இரண்டையும் போடுங்கள்.

இன்னொன்று, இதுதான் நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணம். எங்கள் பிள்ளைகளையும் ஓட விடுங்கள். 2019இல் காத்மண்டுவில் நடந்த தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் 10,000 மீற்றரில் வெள்ளி வாங்கிய குமார் சண்முகேஸ்வரன் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. உங்கள் பதிவுக் கட்டணம் எங்கள் வீடுகளில் இரண்டு மூன்று நாள் சம்பளம், அந்த நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே 2021 வரைக்கும் கத்த வேண்டியிருந்தது. போன வருடம் எங்கள் பிள்ளைகள் ரோட்டோரத்தில் நின்று உங்களுக்குக் கை தட்டினார்கள். இரண்டு பேர் தாங்க முடியாமல் பாட்டா செருப்போடு உங்களோடு கூடவே ஓடினார்கள், ஏற்றத்தில் உங்கள் ஆட்களைத் தாண்டியும் போனார்கள், முடிவுக்கோட்டில் நம்பர் இல்லை என்று ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். ஒருவன் இன்றைக்கும் என்னிடம் கேட்கிறான், சேர், நான் எத்தனையாவது?

இந்த முறை மார்ச்சில் வருவதாகக் கேள்விப்பட்டேன். மார்ச்சில் எங்கள் பக்கம் திருவிழாக் காலம், ஒரு டிவிஷனில் கரகம் இறங்கும், இன்னொன்றில் காமன் கூத்து இருக்கும், ரோடு முழுக்க ஆட்கள் நிற்பார்கள். தேதியை முடிவு செய்யுமுன் தலைவரோடு பேசுங்கள். அவருடைய நம்பரை உங்கள் குழுவுக்கு அனுப்பியிருக்கிறேன். பகலில் மலையில் இருப்பார், சிக்னல் கிடைக்காது, ஆறு மணிக்குப் பிறகு எடுங்கள்.