மீன்வள அமைச்சருக்கு: நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான்

கனடாவின் மீன்வள, பெருங்கடல் அமைச்சருக்கும் அமைச்சின் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

தமிழில்தான் எழுதுகிறேன். மொழிபெயர்க்க ஆள் தேடுவது உங்களுக்குப் பெரிய வேலையாக இராது, இந்த நாட்டில் தமிழருக்கு ஒன்றும் பஞ்சமில்லை. நான் இந்த அத்திலாந்திக் கரையின் பூர்வகுடிகளான மிக்மாக் இனத்தவன் அல்ல, கடற்றொழிலாளியும் அல்ல. நோவா ஸ்கோஷியாவில் வரி கட்டி, வாக்குப் போட்டு, கடைக்குப் போனால் சிங்கி இறால் விலையைக் கேட்டுவிட்டுக் கோழி வாங்கிக்கொண்டு வருகிற ஒரு சாதாரணக் குடிமகன். மிக்மாக் மக்களுக்காகப் பேச என்னை யாரும் நியமிக்கவில்லை. அவர்களே நன்றாகப் பேசுகிறார்கள், நீங்கள்தான் கேட்பதில்லை. நான் பேசுவது என் கணக்குக்கு. ஏனென்றால் மிக்மாக் மக்களின் மீன்பிடி உரிமைக்கு அடிப்படையான, அவர்களும் பிரித்தானிய அரசும் 1760களில் செய்த உடன்படிக்கையில் இரண்டு தரப்பு உண்டு, அரசு போட்ட கையெழுத்துக்கு நீங்கள் பொறுப்பாக இருக்கும் அந்த மற்றத் தரப்பில் இப்போது என்னைப் போன்றவர்களும் இருக்கிறோம்.

2021 ஜூன் மாதத்திலிருந்து இங்கே குடியுரிமை எடுக்கும் எவரும் ஓர் உறுதிமொழி சொல்ல வேண்டும். முதல் குடிகளின், இனுயிட் மக்களின், மெற்றி மக்களின் பூர்வ உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் ஏற்று உறுதிசெய்யும் அரசியலமைப்புக்குக் கட்டுப்பட்டு நடப்பேன் என்று வாய்விட்டுச் சொன்னால்தான் சான்றிதழ். எங்கள் ஆட்களும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டு வருகிறார்கள். சரி, நாங்கள் சொல்லிவிட்டோம். எங்களைச் சொல்ல வைத்த அரசாங்கம் அதன்படி நடப்பது எப்போது?

பழைய கதைதான், ஆனாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், உங்கள் அறிக்கைகளில் இது எப்போதும் பாதியில் நின்றுவிடுகிறது. 1993 ஓகஸ்ட் மாதம் பொம்கெட் துறைமுகத்தில் டொனால்ட் மார்ஷல் ஜூனியர் என்ற மிக்மாக் மனிதர் 463 இறாத்தல் விலாங்கு பிடித்து 787 டொலர் 10 சதத்துக்கு விற்றார். உரிமம் இல்லை, தடைக்காலம், சட்டவிரோத வலை என்று வழக்குப் போட்டீர்கள். இந்த மார்ஷல் யாரென்றால், செய்யாத கொலைக்காக 11 ஆண்டுகள் சிறையில் கிடந்து 1983இல் குற்றமற்றவர் என்று தீர்ப்புப் பெற்றவர், அவரைச் சிறைக்கு அனுப்பிய நீதித்துறையை ஒரு விசாரணை ஆணைக்குழுவே கிழித்துக் காயப்போட்டது. அதே மனிதரை விலாங்குக்காக மறுபடி கூண்டில் ஏற்ற உங்களுக்கு மனம் வந்ததே, அதைச் சொல்ல வேண்டும்!

1999 செப்டெம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1760, 1761 உடன்படிக்கைகளில் மிக்மாக் மக்கள் அரசு வைத்த வணிகக் கூடங்களில் மட்டுமே பொருள் விற்பதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். விற்க வா என்று கூப்பிட்டவன், விற்பதற்கான மீனைப் பிடிக்காதே என்று சொல்ல முடியுமா? முடியாது என்றது நீதிமன்றம். பெரும் செல்வம் சேர்க்க அல்ல, ஓர் அளவான பிழைப்பு நடத்தும் அளவுக்குப் பிடித்து விற்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றது. அந்த உடன்படிக்கைகள் எதிலும் அவர்கள் ஓர் அங்குல நிலத்தையோ கடலையோ எழுதிக் கொடுக்கவில்லை என்பதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் உடனே காட்டுவது இரண்டு மாதம் கழித்து, நவம்பர் 17 அன்று அதே நீதிமன்றத்திலிருந்து வந்த விளக்கத்தை. அரசு ஒழுங்குபடுத்தலாம் என்று அதில் இருக்கிறது, உண்மை. ஆனால் அதே விளக்கத்தில், கட்டுப்பாடு போட்டால் அதற்கான நியாயத்தை நிரூபிக்கும் சுமை அரசின் தலையில் என்றும் இருக்கிறது. பேணிக்காப்பு காரணம் என்றால் அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், கலந்து பேசியிருக்க வேண்டும், உரிமையைத் தேவைக்கு மேல் நெருக்கியிருக்கக் கூடாது. முதல் வரியை மட்டும் சட்டகம் போட்டு மாட்டி வைத்துக்கொண்டு மிச்சத்தை மேசைக்கு அடியில் தள்ளிவிட்டீர்கள். நடைமுறையில் இன்றைக்கு என்ன நடக்கிறது? சிங்கி இறால் பிடிக்கப் போட்ட தன் கூடு ஏன் கடலில் இருக்கிறது என்று மிக்மாக் இளைஞன்தான் நிரூபிக்க வேண்டியிருக்கிறது, அதைத் தூக்கிக்கொண்டு போகிற உங்கள் அதிகாரி எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. 25 ஆண்டுகளுக்கு மேலாக இந்தச் சுமை தலைமாறிக் கிடக்கிறது. இந்த மடலே அதைப் பற்றித்தான்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை, கோடிக்கணக்கில் செலவழித்து வணிக உரிமங்களையும் படகுகளையும் வாங்கி அந்தச் சமூகங்களுக்குக் கொடுத்தோம் என்பீர்கள். கொடுத்தீர்கள், மறுக்கவில்லை. அதனால் பல சமூகங்களுக்கு வருமானம் வந்தது, வேலை வந்தது. ஆனால் அவை அமைச்சர் மனம்வைத்து வழங்கும் உரிமங்கள், அமைச்சரின் நிபந்தனைப்படி நடப்பவை. உடன்படிக்கை உரிமை அமைச்சர் வழங்குவதில்லை, அது அவருடைய நாற்காலி செய்யப்படுவதற்கு முன்பே இருந்தது. ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதைத் தீர்த்துவிட்டதாகக் கணக்கு எழுதினால் எப்படி?

அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை என்பதற்குக் கடலே சாட்சி. 2000ஆம் ஆண்டு நியூ பிரன்ஸ்விக்கில் பேர்ன்ட் சேர்ச் கரையில் உங்கள் அமைச்சின் பெரிய படகுகள் மிக்மாக் மக்களின் சிறு படகுகள் மீது ஏறிய காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. இருபது ஆண்டுகள் கழித்து, தீர்ப்பின் ஆண்டு நிறைவான 2020 செப்டெம்பர் 17 அன்று, சிபெக்னெகாடிக் என்ற மிக்மாக் சமூகம், செயின்ட் மேரிஸ் வளைகுடாக் கரையிலுள்ள சோல்னியர்வில் படகுத்துறையில், இறால் பிடிக்கத் தன் சொந்த உரிமங்களை வழங்கியது. உரிமத்துக்கு 50 கூடு. அதே கடற்பகுதியில், உங்கள் வரைபடத்தில் 34ஆம் சிங்கி இறால் பகுதி என்று குறித்திருக்கிறீர்களே அங்கே, ஒரு வணிகப் படகுக்கு 375 கூட்டுக்குக் குறையாது, அப்படி 900க்கும் மேற்பட்ட உரிமங்கள். கூட்டிப் பார்த்தால் கூடுகள் மூன்று லட்சத்தைத் தாண்டும். அந்த மூன்று லட்சத்துக்குப் பக்கத்தில் சில நூறு கூடுகளைக் கண்டதும் கடல் அழிந்தது என்று வணிக மீனவர்களிடையே கூப்பாடு. சிலர் கூடுகளின் கயிறுகளை அறுத்தார்கள், படகுகளைச் சுற்றி வளைத்தார்கள், ஒக்டோபரில் மிக்மாக் மக்கள் பிடித்த இறாலை வைத்திருந்த கிடங்கை உடைத்தார்கள், சில நாள்களில் மிடில் வெஸ்ட் பப்னிகோவில் இன்னொரு கிடங்கு சாம்பலானது. அந்த நாள்களில் உங்கள் அமைச்சிடமிருந்து வந்தது பெரும்பாலும் 'இரு தரப்பும் அமைதி காக்கவும்'.

பிறகு 2021 மார்ச்சில் உங்கள் முன்னவர்களில் ஒருவர் ஒரு முடிவு அறிவித்தார்: அளவான பிழைப்பு மீன்பிடியும் வணிகப் பருவத்துக்குள்தான் நடக்க வேண்டும். கொஞ்சம் இந்தப் பருவத்தைப் பார்ப்போமே. 34ஆம் பகுதியில் அது நவம்பர் கடைசித் திங்களன்று தொடங்கி மே 31இல் முடிகிறது. தொடக்க நாளில் கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், நாற்பதடிப் படகுகள் கூடுகளை வீடு உயரத்துக்கு அடுக்கிக்கொண்டு, பின்தளத்தில் கால் வைக்க இடமில்லாமல், இருட்டில் வரிசையாகக் கிளம்பும், காற்று கொஞ்சம் பலத்தால் திறப்பு நாளையே தள்ளிவைப்பார்கள். அவ்வளவு பெரிய படகுகளுக்கே அது ஆபத்தான நாள். 50 கூடும் ஒரு சிறு படகும் வைத்திருப்பவனை டிசம்பர் அத்திலாந்திக்குக்குள் இறங்கச் சொல்வது உரிமை கொடுப்பதா? அந்தப் பருவம் பெரிய படகுக்கும் சந்தை விலைக்கும் பொருந்தி வளர்ந்தது, அதில் தப்பொன்றும் இல்லை, அவர்களுக்கு அது சரி. எல்லாருக்கும் அதுவே சரி என்று யார் சொன்னது?

கோடையில் இறால் ஓடு கழற்றும், அப்போது பிடித்தால் வளம் கெடும் என்று பதில் வைத்திருக்கிறீர்கள். நோர்தம்பர்லாந்து நீரிணையில் 25ஆம் பகுதிக்கு ஓகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை பருவம் கொடுத்திருப்பது யார்? நீங்கள். ஆழ்கடலில் 41ஆம் பகுதியில் ஆண்டு முழுவதும் இறால் பிடிக்க அனுமதித்திருப்பது யார்? அதுவும் நீங்கள்தான், அங்கே ஒரு மொத்த அளவை நிர்ணயித்துவிட்டு எப்போது வேண்டுமானாலும் பிடி என்கிறீர்கள். அப்படியானால் அளவுதான் பேச்சு, மாதம் அல்ல. செயின்ட் மேரிஸ் வளைகுடா சிறியது, கோடையில் அந்த ஒரே இடத்தில் கூடு குவிந்தால் பாதிப்பு வரலாம் என்று வணிக மீனவர்கள் சொல்வதை நான் தள்ளிவிடவில்லை. அளந்து பாருங்கள், இரு தரப்பு ஆய்வாளர்களையும் ஒரே படகில் ஏற்றுங்கள், கிடைத்ததை வெளியிடுங்கள். நிரூபிப்பது என்றால் இதுதானே.

பேணிக்காப்பைப் பற்றி உங்கள் அமைச்சு பாடம் எடுக்கும்போது எனக்கு ஒரு நாள் ஞாபகத்துக்கு வரும்: 1992 ஜூலை 2. நியூஃபவுண்ட்லாந்தின் கொட் மீன்பிடியை அன்றைக்குத்தான் மூடினீர்கள், சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. ஐந்நூறு ஆண்டுகளாக உலகத்துக்கே மீன் கொடுத்த கடலை, உங்கள் ஒதுக்கீட்டையும் உங்கள் மதிப்பீட்டையும் நம்பிக்கொண்டிருந்தபோது வழித்துத் துடைத்துவிட்டார்கள். அதில் மிக்மாக் மக்களின் 50 கூட்டுக்காரன் எவனுக்கும் பங்கில்லை.

அவர்கள் பக்கம் என்ன இருக்கிறது என்றும் கேட்க வேண்டும் அல்லவா. கேப் பிரெட்டனில் எஸ்கசோனியில், அதே 1999இல் தொடங்கிய உனமாகி இயற்கை வள நிறுவனம் இருக்கிறது. ஐந்து மிக்மாக் சமூகங்கள் சேர்ந்து நடத்துவது. பிரா டோர் ஏரியில் விலாங்கும் சிப்பியும், காட்டில் மூஸ் மானும் என்ன நிலையில் இருக்கின்றன என்று அங்கே உயிரியல் படித்தவர்களும் மூத்தவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒரு கண்ணில் பரம்பரை அறிவும் மறு கண்ணில் விஞ்ஞானமுமாக, இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார் என்று மிக்மாக் மூத்தவர் அல்பர்ட் மார்ஷல் (விலாங்கு வழக்கு மார்ஷல் வேறு ஆள்) சொன்னதை இன்று கனடாவின் பல்கலைக்கழகங்கள் பாடமாக வைத்திருக்கின்றன, உங்கள் அமைச்சின் ஆவணங்களிலும் பார்த்திருக்கிறேன். விலாங்கைக் குளிர்காலத்தில் பனிக்கட்டியில் துளை போட்டு நீண்ட ஈட்டியால் குத்திப் பிடிப்பார்கள், இறைச்சியைப் பங்கிடுவார்கள், தோலை உரித்துக் காயவைத்துச் சுளுக்குக்குக் கட்டுவார்கள். தேவைக்கு எடு, வீணாக்காதே, வரப்போகிறவர்களுக்கு மிச்சம் வை என்பது அவர்களுக்குச் சுவரொட்டி வாசகம் அல்ல, நெற்றுகுலிம்க் என்று பெயர் வைத்துத் தங்கள் மீன்பிடித் திட்டங்களிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமாகப் பிக்டோ லேண்டிங்குக்குப் போய்ப் பாருங்கள். மிக்மாக் மக்கள் மீன் பிடித்த, மருந்துச்செடி பறித்த ஆசெக் என்ற கழிமுகத்தில் 1967இலிருந்து காகிதக்கூழ் ஆலையின் கழிவு விழுந்தது. 2015இல் சட்டம் போட்டு, 2020 ஜனவரி 31 அன்றுதான் நின்றது. ஐம்பத்து மூன்று ஆண்டுகள்! அத்தனை காலமும் மீன்வளச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இருக்கத்தான் செய்தது.

தங்களைத் தாங்களே நிர்வகிக்க அவர்களால் முடியுமா என்ற சந்தேகத்தை யாரும் வெளியே சொல்வதில்லை, ஆனால் உங்கள் ஒவ்வொரு நிபந்தனைக்கு அடியிலும் அதுதான் படுத்துக் கிடக்கிறது. பள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1998இல் சட்டம் இயற்றி நோவா ஸ்கோஷியாவின் மிக்மாக் சமூகங்களிடம் கல்வியை ஒப்படைத்தீர்கள். அதற்கு முப்பது ஆண்டு முன்புவரை ஷூபெனகடி உறைவிடப் பள்ளியில் பிள்ளைகளைத் தாய்மொழி பேசியதற்காக அடித்த நாடு இது. இன்று அவர்கள் நடத்தும் பள்ளிகளில் மேல்நிலை முடிக்கும் பிள்ளைகளின் விகிதம் நாட்டிலுள்ள முதல் குடிகளிடையே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. 2022 ஒக்டோபர் 1 முதல் மிக்மாக் மொழியை இந்த மாகாணத்தின் மூல மொழி என்று சட்டமே சொல்கிறது. அப்புறம் கிளியர்வோட்டர் என்ற பெரிய கடலுணவு நிறுவனம். 2021 தொடக்கத்தில் மெம்பர்ட்டு என்ற சமூகத்தின் தலைமையில் மிக்மாக் சமூகங்கள் சேர்ந்து, ஒரு பங்காளி நிறுவனத்துடன், நூறு கோடி டொலர் மதிப்பில் அதை வாங்கின. ஆழ்கடல் உரிமங்களை அவர்கள் கையாளலாம், அதில் உங்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஐம்பது கூட்டோடு வருகிறவன்தான் சங்கடம். பெரிய முதல் போட்டால் நம்பிக்கை, சிறு படகு என்றால் சந்தேகம் என்றால், இது கடலைப் பற்றிய கவலையாகத் தெரியவில்லையே.

வணிக மீனவர்களை எதிரியாக்க நான் எழுதவில்லை. செயின்ட் மேரிஸ் கரையில் பலர் அக்காடியர்கள், பழைய பிரெஞ்சுக் குடியேறிகளின் வழிவந்தவர்கள். 1755இல் பிரித்தானியர் அவர்களைப் பிடித்துக் கப்பலேற்றித் துரத்தியபோது காட்டுக்குள் மறைத்துக் காப்பாற்றியவர்கள் மிக்மாக் மக்கள், அந்தக் கதை இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். இன்று உரிமத்துக்கும் படகுக்கும் வங்கியில் பெருங்கடன் வாங்கிய ஓர் இளம் மீனவன், நாளை என்ன விதி வருமோ என்று தூங்காமல் கிடப்பது நியாயமான பயம். அந்தப் பயத்தை உண்டாக்கியது மிக்மாக் மக்களின் கூடு அல்ல. தீர்ப்பு வந்த நாளிலிருந்து எவ்வளவு, எங்கே, எப்படி என்று உட்கார்ந்து பேசி முடிக்காமல் இழுத்தடித்த உங்கள் அமைச்சு.

கேட்பவை அதிகமில்லை. பேச்சுவார்த்தையை உங்கள் கையிலிருந்து எடுத்து, பூர்வகுடி உறவுகளுக்கான அமைச்சிடம் கொடுக்கச் சொல்லி 2022இலேயே செனட் குழு பரிந்துரைத்தது. பிடித்துக் கைதுசெய்கிறவரே பேச்சுக்கும் தலைமை தாங்கினால் யார் நம்பி வருவார்கள்? விட்டுக்கொடுங்கள். மிக்மாக் சமூகங்கள் தங்கள் பெரியவர்களோடும் ஆய்வாளர்களோடும் எழுதிய மீன்பிடித் திட்டங்களை உங்கள் வணிகப் பருவத்துக்குள் திணிக்காமல், அவற்றின் அளவை வைத்து எடைபோடுங்கள்.

அடுத்தது, கைப்பற்றும் ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு பக்கம் எழுதுங்கள். இந்தக் கூடு எந்த வளத்துக்கு என்ன கேடு செய்தது, அதற்கான அளவீடு எது, இதைப் பற்றி அந்தச் சமூகத்தோடு எந்தத் தேதியில் பேசினீர்கள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை எழுத முடியாவிட்டால் கூட்டைத் திரும்பக் கடலில் போட்டுவிடுங்கள். செப்டெம்பர் 17க்கு முன்பே இதைத் தொடங்கினால் நல்லது, அன்றைக்கு அவர்கள் வழக்கம்போல் படகுத்துறைக்கு வருவார்கள்.

இப்படிக்கு,
நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஒரு தமிழ் வாக்காளர்