படம் ஓடும் நேரம் ஆசிரியரின் ஓய்வு நேரம் அல்ல

அன்புள்ள இதழாசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொடக்கப் பள்ளிகளில் உலகச் சிறார் படங்களைக் காட்டிப் பிற நாட்டுப் பண்பாடுகளை அறிமுகப்படுத்தலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். நோக்கத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடைசிப் பத்தியில், படம் ஓடும் ஒன்றரை மணி நேரம் ஆசிரியருக்கும் நல்ல ஓய்வு என்று ஒரு வரி இருந்தது. மனதைப் புண்படுத்திய வரி அது. மூன்றாம், நான்காம் வகுப்புக்குப் படம் காட்டிப் பாடம் நடத்துகிற யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்த வரி அச்சேறியிருக்காது.

நீங்கள் பரிந்துரைத்த படத்தையே எடுத்துக்கொள்கிறேன். மஜித் மஜிதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’, 1997இல் வந்த ஈரானியப் படம். தங்கையின் காலணியை அண்ணன் தொலைத்துவிடுகிறான். மிச்சமிருக்கும் ஒரே ஜோடியை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள். அது எப்படிச் சாத்தியம்? அங்கே பெண் பிள்ளைகளுக்குக் காலையில் பள்ளி, ஆண் பிள்ளைகளுக்கு மதியம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் உட்காரும் நம் பிள்ளைகளுக்குக் கதையின் முடிச்சே பிடிபடாது. தங்கை ஏன் சந்து சந்தாக ஓடுகிறாள், அண்ணன் ஏன் தெருமுனையில் நின்று தவிக்கிறான் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

அடுத்து சர்க்கரைக் காட்சி. அப்பா வெள்ளையாக எதையோ உடைத்துக்கொண்டிருக்கிறார். நம் பிள்ளைகள் பனிக்கட்டி என்பார்கள், சுண்ணாம்புக்கல் என்பார்கள். ஈரானில் சர்க்கரை பெரிய கட்டியாகவும் விற்கும், அதைத் துண்டாக்கி வாயில் வைத்துக்கொண்டு தேநீரை உறிஞ்சுவார்கள் என்று முதலில் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான், முன்னால் குவிந்து கிடக்கும் சர்க்கரையில் ஒரு துண்டைக்கூட அந்த ஏழை அப்பா தன் தேநீருக்கு எடுக்காதது புரியும். அது மசூதிக்குரிய சர்க்கரை, அவரை நம்பிக் கொடுத்தது. கோயில் பொருளை வீட்டுக்கு எடுத்துவரக் கூடாது என்று வளர்ந்த கிராமத்துப் பிள்ளைக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடக் காட்சிக்கு முன்னால் ஆசிரியர் ஐந்து நிமிடம் பேசியிருக்க வேண்டும். இதில் எங்கே ஐயா ஓய்வு?

படம் 89 நிமிடம். எங்கள் பாடவேளை 40 நிமிடம். பாதியில் மணி அடித்தால் மீதி நாளைக்கு என்று நிறுத்துகிறோம். நாளை வேறு வேலை வந்துவிடும். படத்தின் பாதிக்குப் பிறகுதான் அப்பாவும் மகனும் சைக்கிளில் தலைநகர் தெஹ்ரானின் வடக்குப் பகுதிக்குத் தோட்ட வேலை தேடிப் போகிறார்கள். உயரமான கட்டடங்களையும் பெரிய பங்களாக்களையும் பிள்ளைகள் அங்கேதான் பார்க்கிறார்கள். அந்தப் பகுதியைப் பார்க்காத வகுப்பு, ஈரான் என்றால் மண்சுவரும் கிழிந்த காலணியும்தான் என்று முடிவு கட்டிவிடும். ஒன்றும் தெரியாமல் இருந்ததைவிட அது கெடுதல்.

அதனால் அரைநாள் முழுதாகக் கிடைத்தாலொழிய முழுப்படம் போடக் கூடாது. 8 முதல் 12 நிமிடக் காட்சி ஒன்று போதும். முதலில் உலக வரைபடத்தில் இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். புரியாமல் போகக்கூடிய இரண்டு மூன்று பொருள்களைக் கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டும். ஒருமுறை சத்தமில்லாமல் ஓடவிட்டு, என்ன நடக்கிறது என்று பிள்ளைகளையே சொல்லவைத்துப் பிறகு சத்தத்தோடு போட வேண்டும். முடிந்ததும் கேட்கும் முதல் கேள்வி, நம் வீட்டைப் போலவே என்ன இருந்தது என்பதாக இருக்கட்டும். வேறுபாட்டை முதலில் கேட்டால் பிள்ளைகள் சிரிப்பில் இறங்கிவிடுவார்கள், அதிலிருந்து மீட்பது கடினம். கடைசியாக நோட்டில் இரண்டு கட்டம்: கண்ணால் பார்த்தது ஒன்று, நானாக நினைத்துக்கொண்டது ஒன்று. ‘அவர்கள் வீட்டில் ஒரே அறை’ முதல் கட்டம். ‘ஈரானில் எல்லோரும் ஏழைகள்’ இரண்டாம் கட்டம். இந்தப் பிரிவைப் பழக்குவதுதான் பாடத்தின் உயிர். அதை ஆசிரியர் செய்யாமல் வேறு யார் செய்வது?

திரையின் அடியில் வரும் வசனவரி (சப்டைட்டில்) பற்றியும் உங்கள் கட்டுரையில் ஒன்றுமில்லை. இப்படங்களில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ்க் குரல் கிடையாது. ஆங்கில வசனவரி சில வினாடிகளில் மறைந்துவிடும், ஒன்பது வயதுப் பிள்ளையால் அதைப் படிக்க முடியாது. ஆசிரியர்தான் சொல்ல வேண்டும். அதையும் வசனத்தின்மேல் பேசிக்கொண்டே போகக் கூடாது. காட்சிக்கு முன் நிறுத்தி, இரண்டு வரி சொல்லிவிட்டு, பாரசீகக் குரலைக் கேட்கவிட வேண்டும். பேச்சே அதிகமில்லாத ‘தி ரெட் பலூன்’ (1956, பாரிஸ்) ஏறக்குறைய 34 நிமிடம். ஒரே பாடவேளையில் அடங்கிவிடும். அதன் பெயர்கூட உங்கள் கட்டுரையில் இல்லை.

பழைய குறை ஒன்றும் இருக்கிறது. முன்பொரு முறை நீங்கள் வெளியிட்ட பட்டியலில் ‘கிரிகு’ (1998) இருந்தது. வயதுக் குறிப்பு இல்லை. அருமையான அனிமேஷன் படம், செனகல் பாடகர் யூசு என்தூரின் இசை. ஆனால் அதில் பெண்கள் மேலாடையின்றி வருவார்கள், குழந்தை ஆடையில்லாமல் ஓடும். அந்தக் கிராமத்து வாழ்க்கைக்கு அது இயல்பு. முன்பே பார்க்காமல் வகுப்பில் போட்ட ஆசிரியரை மறுநாள் பெற்றோர் சூழ்ந்துகொண்டால் அவர் இனி எந்தப் படத்தையும் தொட மாட்டார். பட்டியலில் நாடு என்ற இடத்தில் ‘ஆப்பிரிக்கா’ என்று போட்டிருந்தீர்கள். ஆப்பிரிக்கா ஒரு கண்டம். கதை மேற்கு ஆப்பிரிக்கா சார்ந்தது, எடுத்தவர் பிரெஞ்சு இயக்குநர் மிஷெல் ஓசெலோ. நாலாம் வகுப்புப் பிள்ளை இப்படி எழுதினால் நாங்கள் சிவப்பு மையால் திருத்துவோம்.

ஜப்பானிய அனிமேஷன் படமான ‘டோட்டோரோ’வில் (1988) அப்பாவும் இரு மகள்களும் ஒன்றாகக் குளிப்பார்கள். ஜப்பானில் அது சாதாரணம். தொட்டிக்கு வெளியே தேய்த்துக் குளித்த பிறகுதான் அதில் இறங்குவார்கள், அதே வெந்நீரில் குடும்பமே உட்காரும். பதறிப்போய் அந்தக் காட்சியை வேகமாகத் தள்ளி ஓட்டிவிட்டால், ஏதோ தப்பு நடக்கிறது என்று பிள்ளைகளுக்குக் கற்பித்ததாகிவிடும். ஒன்று, முன்பே சொல்லுங்கள். இல்லையேல் அக்கா சாட்சுகி காலையில் எல்லோருக்கும் சாப்பாடு கட்டும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கதை நடப்பது 1950களில் என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இன்றைய ஜப்பானிலும் எல்லோரும் கைப்பம்பு அடிப்பதாகப் பிள்ளைகள் எழுதுவார்கள்.

‘கோகோ’ (2017) என்ற அனிமேஷன் படம் பற்றி எழுதினீர்கள். கதை நடக்கும் மெக்சிகோவில் நவம்பர் 1, 2 தேதிகளில் இறந்தோரை நினைக்கும் நாள். அதே நவம்பர் 2இல் நம் ஊர்க் கல்லறைகளிலும் மெழுகுவத்தி எரிகிறது. இறந்தோருக்கு வழி காட்டக் கொட்டும் மஞ்சள் பூ, நம் சந்தையில் கிலோ கணக்கில் விற்கும் செண்டுமல்லிதான். அதன் பிறப்பிடமே மெக்சிகோ. ஒரு பூவை மேசையில் வைத்துப் பாடத்தைத் தொடங்கலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு வசூலைப் பற்றி ஒரு பத்தி எதற்கு? படத்தில் வரும் எலும்புக்கூடுகளைக் கண்டு ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பயப்படலாம் என்பதையாவது சொல்லியிருக்கலாம்.

கருவிகள் விஷயம் சுருக்கமாக. எம்.கே.வி. வகை வீடியோ கோப்பாகப் பென்டிரைவில் ஏற்றினால் சில தொலைக்காட்சிகளில் படம் ஓடும், சத்தம் வராமல் போகலாம். எம்.பி.4 ஆக மாற்றி, அதே பெட்டியில் முந்தின நாளே ஓட்டிப் பார்க்க வேண்டும். ஜன்னலுக்கு எதிரே பெட்டியை வைத்தால் வெளிச்சம் பட்டுத் திரையில் ஒன்றும் தெரியாது. ஒலிபெருக்கியைப் பின்வரிசைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஈராசிரியர் பள்ளியில் இத்தனையையும் செய்பவர், அதே நேரம் பக்கத்து வகுப்பையும் பார்த்துக்கொள்கிறார்.

2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய மாதாந்திரச் சிறார் படத் திட்டம் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்குத்தான். அதிலும் ஆசிரியர் முன்பே படத்தைப் பார்க்க வேண்டும், முடிந்ததும் கலந்துரையாட வேண்டும் என்றுதான் வழிகாட்டினார்கள். ஓய்வெடுக்கச் சொல்லவில்லை. 1955இல் தொடங்கிய இந்தியக் குழந்தைகள் திரைப்படச் சங்கம் அதே 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டதே, அப்போது உங்கள் இதழில் ஒரு வரி வந்ததா? குழந்தைகள் படத்துக்கென்றே இருந்த அமைப்பு அது. உங்களுக்குத் தெரியாத செய்தியாக இருக்க முடியாது.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. இனி சிறார் படம் எதைப் பரிந்துரைத்தாலும் கீழே சிறிய எழுத்தில் இவற்றைப் போடுங்கள்: எத்தனை நிமிடம், எந்த மொழி, கதை நடக்கும் நாடும் காலமும், எந்த வகுப்புக்கு ஏற்றது, ஆசிரியர் முன்கூட்டிப் பார்த்துவைக்க வேண்டிய காட்சி எது. ஐந்து வரிக்கு மேல் போகாது. இடம் போதாவிட்டால் படத்தின் சுவரொட்டியைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.