மீட்டர் வெளிச்சமும் டெயில் லைட்டும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் வாகனக் கேள்வி-பதில் பகுதியில், இரவில் காரில் வேகம் காட்டும் மீட்டர் போர்டு எரியவில்லை என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். “வண்டி ஓடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம்” என்று பதில் போட்டிருக்கிறீர்கள். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

நானும் ஒருநாள் அப்படித்தான் நினைத்தேன். திருச்சியிலிருந்து மதுரை போகும்போது துவரங்குறிச்சி தாண்டியதும் மீட்டர் வெளிச்சம் போய்விட்டது. ஹெட்லைட் நன்றாக எரிந்ததால் நிறுத்தவில்லை. மேலூர் பக்கம் டீக்கடையில் ஒதுங்கியபோது, பின்னாலேயே வந்த லாரி டிரைவர் இறங்கி வந்து சத்தம் போட்டார். “பின்னாடி பொட்டு வெளிச்சம் இல்ல சார். நீங்க பிரேக் மிதிச்சப்பதான் முன்னால ஒரு கார் போறதே தெரிஞ்சுது.” பின்சீட்டில் என் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

பல கார்களில் மீட்டரின் இரவு வெளிச்சத்துக்கும் டெயில் லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ் என்பது நீங்கள் அறியாததல்ல. ஹெட்லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் தனித்தனி வழி. அதனால் ஓட்டுகிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். அந்த வாசகரிடம் “முதலில் இறங்கிப் பின்னால் போய்ப் பாருங்கள்” என்று ஒரு வரி சொல்லியிருக்கக் கூடாதா?

அப்புறம் சர்வீஸ் சென்டர் கதை. மீட்டர் செட்டையே மாற்ற வேண்டும், 14 ஆயிரம் ஆகும் என்றார்கள். எங்கள் தெருமுனை எலக்ட்ரீஷியன் 10 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைப் போட்டார். அதுவும் உடனே போனது. பெரிய ஃபியூஸாகப் போட்டால் ஒயர் தீப்பிடிக்கும் என்று சொல்லிவிட்டு, பொறுமையாக ஒயரைத் தேடினார். ஸ்டீரியோ மாட்டியவர்கள், டெயில் லைட்டோடு சேர்ந்து எரியும் பார்க் லைட் ஒயரில் ஒட்டுப்போட்டு, டேப் கூடச் சுற்றாமல் விட்டிருந்தார்கள். அது பாடியில் உரசி ஷார்ட் ஆகியிருந்தது. கூலி 300 ரூபாய்.

என் மைத்துனர் கதை இன்னும் மோசம். அவர் வாங்கிய பழைய காரில், இஞ்சின் ஆயில் அழுத்தம் குறைந்தால் மீட்டரில் எரிந்து எச்சரிக்கும் ஆயில் விளக்கின் பல்பையே கழற்றிவிட்டு விற்றிருக்கிறார்கள். இஞ்சின் ஜாம் ஆன பிறகுதான் தெரிந்தது. சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பியதும், இஞ்சின் ஓடும் முன், ஆயில், பேட்டரி விளக்குகள் எரிகின்றனவா என்று பார்த்து வாங்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இதைப் பற்றி உங்களுக்கு முன்பே இரண்டு கடிதங்கள் எழுதினேன், வரவில்லை. புதுக் கார்களின் சன்ரூஃபுக்கு மட்டும் இரண்டு பக்கம் கிடைக்கிறது. இருபது வருடமாக உங்கள் இதழை வாங்குகிறவன் என்பதால்தான் இவ்வளவு வருத்தம்.

அடுத்த இதழின் அதே பகுதியில் அந்தப் பதிலைத் திருத்தி நான்கு வரி போடுங்கள். கேள்வி கேட்ட அந்த வாசகர் இன்னும் இரவில் ஓட்டிக்கொண்டிருப்பார்.

இப்படிக்கு,
ஒரு பழைய வாசகர்,
திருச்சி